குறையைப் பாடிய பாட்டு



இங்கிலாந்தின் ரேடியோஹெட் ராக் குழு 1992-இல் 'க்ரீப்' என்ற பாட்டை வெளியிட்டது. தனக்கு இங்கே இடமில்லை என்று மனசுக்குள் குமைகிற ஒருவனின் பாட்டு அது. குழுவின் பாடகர் தாம் யார்க், கல்லூரி மாணவராக இருந்தபோது எழுதியது. முதலில் எடுபடவில்லை. சோகம் அதிகம் என்று ஒதுக்கினார்கள். 1993-இல் மறுபடி வெளியானபோது இங்கிலாந்தின் பாடல் தரவரிசைப் பட்டியலில் 7-ஆம் இடத்தைப் பிடித்தது.

பல்லவிக்குச் சற்று முன் கிடார் கரகரவென்று வெடிக்கும். பாட்டு இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்ற எரிச்சலில் குழுவின் கிடார் கலைஞர் ஜானி கிரீன்வுட் ஓங்கி அடித்த அடி அது. நீக்காமல் அப்படியே விட்டார்கள். இன்று பாட்டின் அடையாளமே அந்தச் சத்தம்தான்.

கச்சேரிகளில் ஆயிரக்கணக்கானோர் இதைச் சேர்ந்து பாடுகிறார்கள். 'நான் மட்டும்தான் இப்படி' என்று தனித்தனியாக மருகியவர்கள் ஒரே குரலாகிறார்கள். மறைத்து வைத்த குறை மனசை அரிக்கும். வாய்விட்டுச் சொன்ன குறையோடு வாழப் பழகிவிடலாம். தன்னை ஏற்றுக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது.

உங்களுக்கும் அப்படியொரு பாட்டு இருக்கும். குரல் எப்படி இருந்தாலும் சரி, இன்று அதைக் கூச்சப்படாமல் பாடுங்கள். உங்களை உங்களுக்குப் பிடிக்கட்டும்!