பையில் வைப்பதும் பையில் வைக்க முடியாததும்

(டித்வா புயலில் வீடிழந்து முகாம்களில் இருந்த தோட்டக் குடும்பங்களுக்காகக் கல்லடியில் நிவாரணப் பொதிகள் கட்டப்பட்டன. வேலை தொடங்குமுன், அங்குள்ள மூத்த தொண்டர் ஒருவர் பேசியது இது. எமது பெண்கள் பிரிவுத் தோழிகளும் மலையகத்திலிருந்து சென்று கலந்துகொண்டனர். எல்லாத் தோட்டங்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



லொறி நாளை விடியமுன் செங்கலடியால் திரும்பி பதுளை வீதியில் ஏறவேண்டும். அதற்குள் இந்தப் பாயில் குவிந்திருக்கிற சாமான் முழுவதும் பைகளுக்குள் போகவேண்டும். அதனால் நான் நீட்டிப் பேசப் போவதில்லை. ஆனால் கை வைக்குமுன் சில விஷயம் சொல்லவேண்டும். இப்படி ஒரு பையை வாங்கி வாழ்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஒரு லயக் காம்பிராவில். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்கள் லயத்தை விட்டு ஓடினோம். அப்போது எனக்கு ஏழு வயது. பல குடும்பங்களைப் போல நாங்களும் மட்டக்களப்புப் பக்கம் வந்து, காட்டோரத்தில் ஒரு குடிசை போட்டோம். அடுத்த வருடம், 1978 நவம்பர் 23ஆம் திகதி, சூறாவளி வந்து அந்தக் குடிசையையும் கொண்டு போனது. பிறகு வளர்ந்து, நாவலடியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், காலையில் கடல் வந்தது. நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையிலிருந்து வந்தவர்கள் திருச்செந்தூர் முருகன் கோவிலடிக்குப் போய்ப் பாருங்கள். அலை சாய்த்த கோபுரம் தெரியும்.

நாங்கள் உயிரோடு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். நனைந்த ஒரு உடுப்போடு மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் ஒரு லொறி வந்து உடுப்பு மூட்டைகளைக் கொட்டியது. அதிலே கிழிந்த சேலை இருந்தது, ஒற்றைச் சப்பாத்து இருந்தது, யாரோ கல்யாணத்துக்குப் போட்ட கோட் கூட இருந்தது. பெண்கள் உள்ளே போடுகிற ஒரு துணி இல்லை. எனக்கு அந்த வாரம் மாதவிடாய். யாரிடம் கேட்பது? சாமான் கொடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா தன் சேலைத் தலைப்பைக் கிழித்துத் தந்தார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு சேலைதான்.

இரண்டு நாள் கழித்து வேறு ஒரு பை கையில் வந்தது. அதிலே புது உள்ளாடை, அணையாடை, ஒரு சீப்பு, சவர்க்காரம், துவாய், பிள்ளைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும், கடைசியாகக் கடதாசியில் சுற்றிய ஒரு பிடி தேயிலைத்தூள். யார் கட்டினது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கட்டினவள் ஒரு பெண், அவள் கட்டுமுன் ஒரு நிமிடம் யோசித்தவள் என்று மட்டும் தெரிந்தது. அந்தச் சீப்பால் தலை வாரினபிறகுதான் நான் அழுதேன். அதுவரை அழுகை வரவில்லை.

ஆகவே முதலாவது விஷயம்: வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கினதைப் பையில் வைக்காதீர்கள். இந்த மூலையில் இருக்கிற பழைய உடுப்பு மூட்டையை நான் பிரித்துப் பார்த்தேன். நல்லது பாதி. மற்றப் பாதியை நீங்களே உடுக்க மாட்டீர்கள். அதை இங்கேயே நிறுத்துங்கள். கொடுத்தவர் மனம் நோகும் என்று பார்த்தால், வாங்குகிறவர் மனம் நோகும்.

இரண்டாவது, குளிர். நாங்கள் கடற்கரை ஆட்கள். எங்களுக்குப் போர்வை என்றால் மெல்லிய பெட்சீற். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்லில் உறைபனி விழும். பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில், நனைந்த சுவருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு படுக்கிறவளுக்கு இந்தப் பெட்சீற் எதற்கு ஆகும்? ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு கம்பளி, தரையில் விரிக்கத் தடித்த பாய், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குல்லாவும் காலுறையும். சாமான் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை, கம்பளியைக் குறைக்காதீர்கள்.

மூன்றாவது, சவர்க்காரம். பையில் ஒரு கட்டி போட்டால் போட்டதாக நினைக்கிறோம். அனர்த்த நிவாரணத்துக்கு உலகம் முழுவதும் பின்பற்றுகிற ஸ்பியர் என்ற ஒரு நியமம் இருக்கிறது. அதன்படி ஒருவருக்கு ஒரு மாதத்துக்குக் குளிக்க 250 கிராம், துணி துவைக்க 200 கிராம் சவர்க்காரம் வேண்டும். கடையில் விற்கிற 80 கிராம் கட்டி என்றால் குளிக்க மட்டும் ஆளுக்கு மூன்றுக்கு மேல். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினாறு. ஒரு கூடத்தில் நூறு பேர், இரண்டு மலசலகூடம், கை கழுவ வழியில்லை என்றால் முதலில் விழுவது பிள்ளைகளின் வயிறு. மூடி உள்ள வாளி ஒன்றும் வையுங்கள். தண்ணீர் பிடிக்க, மூடி வைக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பையையே வாளிக்குள் வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நாலாவது, அணையாடை. ஒரு பெண்ணுக்கு ஒரு மாதத்துக்குப் பத்துப் பதினைந்து தேவை. வீட்டில் தாயும் இரண்டு குமர்ப்பிள்ளைகளும் இருந்தால் ஒரு பக்கற் எந்த மூலைக்கு? வெளியே தெரியாத கடதாசியில் சுற்றி வையுங்கள். பக்கத்தில் புது உள்ளாடை வையுங்கள். அதைப் பெண்களே கட்டவேண்டும், பெண்களே கொடுக்கவேண்டும். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. 2004இல் வெட்கப்பட்டது போதும்.

ஐந்தாவது, குழந்தைப் பால்மா. யாரோ நல்ல மனதோடு நாலு பெட்டி கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பைகளில் பொதுவாகப் போடவேண்டாம். முகாமில் தண்ணீர் சுத்தமில்லை, போத்தல் அவிக்க அடுப்பில்லை. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் போத்தல் பழக்கினால் வயிற்றோட்டம் வரும், தாய்க்குப் பாலும் வற்றும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொல்வதும் இதுதான். தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள். கடலை, பயறு, நெத்தலி, விசுக்கோத்து. தாயில்லாத பிள்ளை, பால் இல்லாத தாய் என்றால் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டு அவர் கையால் கொடுப்போம்.

ஆறாவது, சின்னச் சாமான்கள். டோர்ச், தீப்பெட்டி, பற்பசை, தூரிகை, நகவெட்டி, ஊசி நூல், இறப்பர் செருப்பு. சேற்றிலும் அட்டையிலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர்களின் கிளினிக் கொப்பி மண்ணுக்குள் போயிருக்கும். மருந்தை நாங்கள் பையில் வைக்கக்கூடாது. ஆனால் யாருக்கு என்ன மருந்து நின்றுபோனது என்று பெயர் எழுதி வந்தால் வைத்தியசாலைக்குச் சொல்லலாம்.

கொடுக்கும்போது எப்படிக் கொடுப்பது? வரிசையில் நிறுத்தி, கையில் பையோடு படம் எடுக்காதீர்கள். நான் பை வாங்கும்போது எடுத்த படம் ஒன்று எங்கோ இருக்கிறது. அதைப் பார்க்க நான் விரும்பவில்லை. முகாமில் இருக்கிறவர்களே நாலைந்து பேரைத் தெரிந்தெடுக்கட்டும். அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

பட்டியலில் ஒரு கவனம் வேண்டும். தோட்டத்துச் செக்றோலில் பெயர் உள்ளவர்களை வைத்து மட்டும் பட்டியல் போட்டால், அதே லயத்தில் இருந்து வெளியே வேலைக்குப் போகிறவர் விடுபடுவார். வேலையிலிருந்து நின்ற தாத்தா விடுபடுவார். ஒரே காம்பிராவில் இருந்த இரண்டு குடும்பம் ஒரு குடும்பமாக எண்ணப்படும். தனியாக இருந்த கைம்பெண், கொழும்பில் கடையில் நிற்கிற மகன், இவர்களுக்கும் அந்தக் காம்பிராதான் வீடு. கூரை விழும்போது அது செக்றோலைப் பார்த்து விழவில்லை.

இவ்வளவும் பையில் வைப்பவை. இனிப் பையில் வைக்க முடியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இந்தச் சாமான் ஒரு மாதம் வரும். பிறகு? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. தீபாவளி கொண்டாடிச் சரியாக ஒரு கிழமை. காலை நேரம். லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போ என்றார்கள், எங்கே போவது என்று காணியைக் காட்டவில்லை. மண்சரிந்த பிறகு நாடு முழுவதிலுமிருந்து லொறிகள் போயின. சாமான் மலைபோலக் குவிந்தது. ஆனால் மிஞ்சின குடும்பங்கள் பாடசாலையிலும், பிறகு மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். அடுத்த தீபாவளி வந்தபோதும் அவர்கள் சொந்த வீட்டில் இல்லை. லொறிகள் எப்போதோ நின்றுவிட்டன.

எங்களுக்கும் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். நாவலடி ஆட்கள் திராய்மடுவுக்குப் போனோம். கடலை விட்டு அவ்வளவு தூரம் போய் மீன்பிடிகாரன் என்ன செய்வான் என்று சண்டை பிடித்தோம். ஆனால் ஒன்று, எங்களில் பலரிடம் காணிக்கு ஒரு உறுதி இருந்தது. இந்தத் துண்டு என்னுடையது, இதற்குப் பதில் சொல் என்று கேட்க முடிந்தது. லயத்தில் இருக்கிறவனிடம் என்ன இருக்கிறது? நாலு தலைமுறை பிறந்து செத்த காம்பிராவுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஏழு பேர்ச் காணி என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்? ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடியளவு. மலையையே பச்சையாக்கினவர்களுக்கு அது பெரிய கேள்வியா?

டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள்தான் கூட அடிபட்டன. முகாமிலிருந்து வெளியே வரும்போது திரும்பவும் அதே வெடித்த சுவருக்குள், அதே சரிவுக்குக் கீழே போ என்று சொன்னால், நாங்கள் கட்டின பை அடுத்த மண்சரிவுக்கு முன்பணம்தான்.

அதனால் ஒவ்வொரு பையிலும் மூன்று சாமான் கட்டாயம் போடவேண்டும் என்று கேட்கிறேன். ஒரு கொப்பி. ஒரு பேனை. தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். கடதாசி, பிள்ளைகளின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கிளினிக் கொப்பி, எது மிஞ்சியதோ அது. என் பிறப்புச் சான்றிதழ் 1977இல் லயத்தோடு போனது. அது இல்லாமல் ஒரு அடையாள அட்டை எடுக்க நான் அலைந்த அலைச்சல் என் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாது.

கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் லயம், காம்பிராவில் யார் யார் இருந்தார்கள், என்ன அழிந்தது, எத்தனை நாள் பேர் இல்லாமல் போனது, எந்தத் திகதி யார் வந்து பார்த்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தொலைந்த கடதாசிகளையும் அதிலே எழுதட்டும், அப்போதுதான் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் போய்க் கேட்கலாம். நாளைக்குத் தொழிற்சங்கம் மேசையில் உட்காரும்போது, ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஐந்நூறு கொப்பியைத் தூக்கி மேசையில் வைத்தால் பதில் சொல்லவேண்டி வரும்.

மலையிலிருந்து வந்த தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். பை கொடுத்து வந்ததோடு விடாதீர்கள். ஒரு மாதத்தில் திரும்பிப் போங்கள். கொப்பியைப் பாருங்கள். யார் இன்னும் முகாமில், யார் திரும்ப லயத்தில் என்று எண்ணுங்கள். எங்களுக்கும் சொல்லுங்கள். லொறிக்கு ஆள் வேண்டும் என்றால் கல்லடியில் இருக்கிறோம். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஆள் வேண்டும் என்றாலும் இருக்கிறோம்.

சரி, பேச்சுப் போதும். கம்பளி இந்தப் பாயில், சவர்க்காரம் அந்தப் பாயில். அணையாடை கட்டுகிற பெண்கள் உள் அறைக்கு வாருங்கள். தம்பிமார் வாளிகளைத் துடைத்து வையுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதவேண்டாம். அங்கே அவர்கள் தங்கள் பெயரை எழுதட்டும்.