தோட்டப்புற வீடுகளில் தொலைக்காட்சி தெளிவாகத் தெரிய



மாலை நேரத்தில் நம் லயங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தகப்பனார் கூரைமேல் நின்று ஏரியல் கம்பத்தைத் திருப்புவார். "வந்திருச்சா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து பிள்ளை, "வந்திருச்சுப்பா... ஐயோ, போயிருச்சு!" என்று கூவும். அரை மணி நேரம் இப்படிக் கழிந்தபின், பெட்டியே சரியில்லை என்று முடிவு கட்டப்படும். அடுத்த சம்பளத்தில் புதுப்பெட்டி வாங்கும் பேச்சும் எழும். நேயர்களே, சம்பளப் பணத்தைச் செலவழிக்குமுன் சற்றுப் பொறுங்கள். பெரும்பாலான வீடுகளில் குறை பெட்டியில் இல்லை. ஏரியல் நிற்கும் இடத்திலும், அதிலிருந்து இறங்கிவரும் கம்பியிலுமே இருக்கிறது.

தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்குத்தானே, அதற்கு இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு கோவிட் நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தை நாம் மறந்துவிடவில்லை. இணையம் சரியாக எட்டாத தோட்டங்களில் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று ஆசிரியர்களாகிய நாம் தவித்தோம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் கல்வி அமைச்சு 'டிடிக் டிவி' என்னும் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. படம் வந்த வீட்டுப் பிள்ளை பாடம் பார்த்தது. படம் வராத வீட்டுப் பிள்ளை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே இருந்தது சில நேரங்களில் ஓர் ஏரியல்தான்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அந்தக் காலத்து ஏரியலை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்குமேல் நீண்ட குழாய்கள் கொண்டு, பெரிய மீன் எலும்பைப்போல் நிற்கும். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு அந்தப் பழைய முறை ஒளிபரப்பு நாடெங்கும் நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இப்போது வரும் அலைகள் குட்டையானவை. ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். அதைப் பிடிக்கும் குழாய் அதில் பாதி, அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். ஆகவே தாத்தா காலத்து நீண்ட ஏரியலை வைத்துக்கொண்டு படம் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அதைப் பந்தற்காலாக வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

பழைய பெட்டி உள்ளவர்களுக்கு டீகோடர் என்னும் சிறு கருவியும் தேவை. அது இருந்தால் பழைய பெட்டியே போதும்.

இந்தக் குட்டை அலைகளுக்கு ஒரு குணம் உண்டு. அவை பார்வைக் கோட்டில் செல்வன. குனோங் ஜெராய், ஈப்போவின் கிளேடாங், குனோங் லேடாங் போன்ற உயர்ந்த இடங்களில் ஒளிபரப்புக் கோபுரங்களை அமைத்திருப்பது இதனால்தான். கோபுரம் நம் ஏரியலைப் பார்க்க வேண்டும். நம் ஏரியல் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நடுவே குன்று நின்றால் அதன் நிழலில் நம் லயம் இருட்டாகிவிடும்.

குன்றாவது நின்ற இடத்தில் நிற்கும். செம்பனை வளர்ந்துகொண்டே இருக்கிறதே! "போன வருஷம்வரை நல்லாத்தான் தெரிஞ்சது, இப்பத் தெரியலை" என்பவர்கள், தங்கள் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ள நிரைகளை ஒருமுறை பார்க்கட்டும். மறுநடவு செய்த புதிதில் இடுப்பளவு இருந்த மரங்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூரைக்குமேல் மட்டை விரித்து நிற்கும். பச்சை மட்டையில் நீர் இருக்கிறது. நீர் அலையை விழுங்கும். மழை பெய்து மட்டைகள் நனைந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதல் வேலை, நல்ல இடத்தைத் தேடுவது. கம்பத்தை ஊன்றிவிட்டுத் தேடக்கூடாது; தேடிய பிறகே ஊன்ற வேண்டும். நீளமான கம்பியில் ஏரியலை இணைத்து, ஒரு கழியில் கட்டி, ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கட்டும். கொல்லைப்புறத்தில் கிடைக்காத படம் நாலு எட்டு தள்ளி வாசல் பக்கம் கிடைக்கலாம். தகரக் கூரை அலையைத் தடுத்துவிடும். அதனால் வீட்டுக்குள் வைக்கும் சிறு ஏரியல் நம் லயங்களுக்கு ஏற்றதன்று. வெளியே வைத்தாலும் கூரைக்குமேல் ஒரு மீட்டராவது உயர்ந்து நிற்பது நல்லது.

ஏரியலில் குட்டையான குழாய்கள் உள்ள முனை கோபுரத்தை நோக்க வேண்டும். வலை அல்லது பெரிய குழாய் உள்ள பக்கம் பின்புறம். இதைத் தலைகீழாக மாட்டியிருக்கும் வீடுகள் நாம் நினைப்பதைவிட அதிகம். குழாய்கள் கிடையாக இருக்க வேண்டுமா, நெட்டாகவா என்பதை, நன்றாகப் படம் தெரியும் பக்கத்து வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

திருப்பும்போது பொறுமை வேண்டும். பழைய ஒளிபரப்பில் ஏரியல் அசைய அசையப் படமும் உடனே மாறும். புள்ளிப் புள்ளியாகவாவது ஏதாவது தெரியும். இலக்கமுறையில் அப்படியில்லை. வந்தால் முழுப்படம், இல்லையேல் கறுப்புத் திரை. டீகோடர் அலையைப் பிடித்துப் படமாக்கச் சில விநாடி ஆகும். விரலளவு திருப்பி, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பட்டியலில் அலையின் வலு, தரம் என இரண்டு கோடுகள் காட்டும். தரக்கோட்டையே நம்புங்கள். வலு மிகுந்து தரம் குறைந்தால் படம் உடையும்.

கோபுரத்தின் பக்கம் குன்று மறைக்கிறதா? ஏரியலை முழு வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். எதிர்க்குன்றில் பட்டுத் திரும்பும் அலை சில இடங்களில் கிடைக்கும். முன்பு அப்படித் திரும்பிய அலை திரையில் இரட்டை உருவத்தைக் காட்டித் தொல்லை தந்தது. இலக்கமுறை அதை ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

அடுத்தது கம்பி. ஆர்.ஜி. 6 என்று உறையில் அச்சிட்ட உருண்டைக் கம்பியை வாங்குங்கள். அந்தக் கம்பியிலேயே முப்பது மீட்டர் ஓடினால் அலையின் ஆற்றலில் முக்கால் பங்கு வழியில் கரைந்துவிடும். கரையோரம் கிடந்த பழைய கம்பியை மூன்று துண்டாக முறுக்கி ஒட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? கம்பி ஒரே துண்டாக இருக்கட்டும். ஏரியலில் சேரும் இடத்தை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கடைக்காரர் 'பூஸ்டர்' வாங்கச் சொல்வார். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பார்த்திருக்கிறோம். பாடுபவர் குரல் கட்டியிருந்தால் கட்டிய குரல்தான் ஊர் முழுதும் கேட்கும். பூஸ்டரும் அப்படியே. நல்ல அலை கிடைத்து, அது நீண்ட கம்பியில் தேய்கிறது என்றால், ஏரியலுக்கு அருகிலேயே கம்பத்தில் மாட்டிய பூஸ்டர் உதவும். பெட்டிக்குப் பின்னால் வைத்தது, ஏற்கெனவே தேய்ந்ததைத்தான் பெருக்கும்.

இனிச் சொல்வதைத் தாய்மார்களும் கேட்க வேண்டும். மின்கம்பிக்கு அருகே ஏரியல் கம்பத்தைத் தூக்கவே கூடாது. கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ, அதைவிட அதிகத் தூரத்தில் மின்கம்பி இருக்க வேண்டும். அலுமினியக் குழாய் மட்டுமல்ல, நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும். சாயும் கம்பத்தைத் தாங்கிப் பிடிக்க நினைக்காதீர்கள். விட்டு விலகி ஓடுங்கள். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். பழைய வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆள் கனம் தாங்காது, அதில் ஏறாதீர்கள். பிள்ளைகளை எந்தக் கூரைமேலும் ஏற்றாதீர்கள். நம் நாடு இடி மின்னல் மிகுந்த நாடு. கம்பத்துக்கு நிலக்கம்பி போடத் தெரிந்த மின் ஆசாரியை அழையுங்கள். மதியம் வானம் கறுக்கத் தொடங்கும்போதே ஏரியல் கம்பியையும் மின் இணைப்பையும் பெட்டியிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

பள்ளத்தில் உள்ள லயத்துக்குத் தனித்தனியாகப் பத்து ஏரியல் நட்டுப் பயனில்லை. நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, மேட்டில் ஒரே ஏரியல் வைத்து எல்லா வீட்டுக்கும் கம்பி இழுக்கலாம். ஆனால் ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்தால் அலையும் பாதியாகும், நான்காகப் பிரித்தால் காலாகும். எனவே பிரிக்குமுன் பெருக்கும் கருவி அங்கே தேவை. கணக்குத் தெரிந்த தொழிலாளியிடம் அந்த வேலையைக் கொடுத்து, செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொள்ளலாம்.

எதுவும் பலிக்காத பள்ளங்களும் உண்டு. அங்கே துணைக்கோள் தட்டுத்தான் வழி. மாதக் கட்டணமில்லாத அத்தகைய சேவை நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தத் துணைக்கோள் நம் தலைக்குமேல் சற்று மேற்கே சாய்ந்த திசையில் இருப்பதால், தட்டு ஏறக்குறைய வானத்தைப் பார்த்தே நிற்கும். சுற்றியுள்ள குன்றுகள் அதை மறைப்பதில்லை. கொட்டும் மழையில் மட்டும் கொஞ்ச நேரம் படம் நின்றுவிடும். மழை விட்டதும் தானே வந்துவிடும். அதற்காக யாரும் கூரை ஏற வேண்டியதில்லை.