இயற்கை எரிவாயுவும் நமது தேசத்தின் எதிர்காலமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இயற்கை எரிவாயு. குலத்தின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய இம்மேடையில் வாயுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம்மவரிற் பெரும்பாலோர் உழவர். சிலர் உரக்கடை வைத்திருப்போர். சிலர் உணவுச்சாலைகளும் சிறு ஆலைகளும் நடத்துவோர். வீடுதோறும் அடுப்பு எரிகின்றது. இவர்கள் எல்லோருடைய வாழ்வும் இவ்வாயுவின் வரவோடும் விலையோடும் பிணிக்கப்பட்டிருக்கிறது. ஆதலின் இது நம் வீட்டு விஷயமே யாகும்.

முதலிற் பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம் வீடுகளுக்கு உருளையில் வருவது புரோபேன், பியூட்டேன் என்னும் இருவகை வாயுக்களை அழுத்தித் திரவமாக்கிய சமையல் வாயு. இயற்கை எரிவாயுவோ பெரும்பாலும் மீத்தேன். பூமியின் ஆழத்திற் பாறை இடுக்குகளில் தங்கியிருக்கும் அதனைக் கிணறு தோண்டி எடுத்துக் குழாய் வழியே அனுப்புகின்றனர். ஆட்டோக்களில் சி.என்.ஜி. என்று அடைப்பதும் இதுவே. கடல் கடந்து கொணர வேண்டுமாயின், சுழிக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிரச் செய்தல் வேண்டும். அப்பொழுது அது 600-ல் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும். அதனைத் தனிக் கப்பல்களில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, மீண்டும் வாயுவாக்குவர். தாய்மார்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பார்களாக: உருளை வாயு காற்றினும் கனமானது, கசிந்தால் தரையிற் படியும், குழாய் வாயு காற்றினும் இலேசானது, கசிந்தால் கூரையை நோக்கி எழும். முன்னதற்குத் தாழ்வான திறப்பும், பின்னதற்கு உயரமான திறப்பும் வேண்டும்.

நிற்க. நமது தேசத்தில் இவ்வாயு பெருவழக்கிற்கு வந்த வரலாறு நீண்டதன்று. 1974-ல் பம்பாய்க் கடலிற் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1984-ல் வாயுவைக் கொண்டுசெல்வதற்கென்றே கெயில் என்னும் அரசாங்க ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன்பின் குஜராத்திலுள்ள ஹஜிராவிலிருந்து விஜயப்பூர் வழியாக ஐக்கிய மாகாணமென முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்து ஜகதீஷ்பூர் வரை நெடுங்குழாய் பதித்தனர். அக்குழாயின் வழிநெடுகத் தோன்றியவற்றுள் முக்கியமானவை யூரியா ஆலைகள். நாட்டு வாயு போதாமையால் 2004-ல் தஹேஜ் துறைமுகத்திற் கட்டார் தேசத்துத் திரவ வாயு இறங்கத் தொடங்கியது. நம் எண்ணூரிலும் 2019-ல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கவல்ல நிலையம் திறக்கப்பட்டது. 2023-24-ல் நாம் செலவிட்ட வாயுவில் ஏறக்குறையப் பாதி வெளிநாட்டிலிருந்து வந்தது. தேசத்தின் மொத்த எரிசக்தியில் ஆறேழு சதவீதமாயிருந்த வாயுவின் பங்கை 2030-க்குள் 15 சதவீதமாக்க வேண்டுமென்பது அரசாங்கத்தார் வகுத்த இலக்கு.

இவ்விலக்கு நன்றா, தீதா என்று ஆராயுமுன், இரண்டு அனுபவங்களை நோக்குவது அவசியம்.

முதலாவது, கையில் வாராததை நம்பிக் கட்டியதன் பயன். கிருஷ்ணா கோதாவரிக் கடலில் 2002-ற் கண்டெடுத்த வயலிலிருந்து 2009 ஏப்ரலில் வாயு வரலாயிற்று. நாள் ஒன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வருமென்று கணக்கிட்டனர். 2010-ல் 6 கோடியைத் தொட்ட அளவு, 2013-ல் 1½ கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் அவ்வாயுவை நம்பி மின்சார நிலையங்கள் பல எழும்பிவிட்டன. 2018-19-ல் தேசத்திலிருந்த சுமார் 25,000 மெகாவாட் வாயு மின்நிலையங்கள், தம் ஆற்றலில் நாலில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை. சில அறவே ஓடவில்லை. 2020 டிசம்பர் முதல் புதிய ஆழ்கடல் வயல்கள் திறக்கப்பட்டு உற்பத்தி மீண்டது உண்மையே. ஆயினும் ஏரி நிரம்புமுன் நாற்றுவிட்டவன் கதையாக, வங்கிகளிற் பெற்ற கடன் வட்டியோடு வளர்ந்து நின்றது.

இரண்டாவது, அயலார் சந்தையை நம்பியதன் பயன். ஆசியச் சந்தையில் 2020 ஏப்ரலில் ஓர் அலகு திரவ வாயு 2 டாலருக்கும் கீழே விற்றது. உக்ரேன் யுத்தம் மூண்ட 2022-ல் அதே அலகு 70 டாலரையும் தாண்டியது. ஐரோப்பியர் பெருவிலை கொடுத்துக் கப்பல்களைத் தம் பக்கம் இழுத்தனர். நமக்கு நெடுங்கால ஒப்பந்தப்படி வர வேண்டிய வாயுவிற் சில கப்பல்கள் வாராமற் போயின. உர ஆலைகளுக்கும் அளவு குறைக்க நேர்ந்தது. அண்டை நாடாகிய பாகிஸ்தான் அவ்வருஷம் ஜூலையில் 10 கப்பல் வாயுவுக்கு டெண்டர் அழைக்க, விற்பேன் என்று வந்தவர் ஒருவருமில்லை. அந்நாட்டு நகரங்கள் மணிக்கணக்கில் இருளிற் கிடந்தன. இன்னொன்றும் உண்டு. கட்டார் வாயுக் கப்பல்கள் யாவும் ஹார்மஸ் என்னும் குறுகிய கடற்கால் வழியே வெளிவர வேண்டும். 2024 பிப்ரவரியில் அத்தேசத்தோடு, 2028 முதல் மேலும் 20 வருஷங்களுக்கு ஆண்டுதோறும் 75 லட்சம் டன் பெற ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒப்பந்தம் விலையைக் காக்கலாம், கடற்காலைக் காக்குமோ?

இவ்வாறு கூறுவதால் வாயுவின் நற்குணங்களை மறைப்பதாக எண்ணலாகாது. மின்சாரம் எடுப்பதில் நிலக்கரியினும் ஏறக்குறையப் பாதி கரியமில வாயுவையே அது வெளிவிடும். சாம்பலும் புகையும் இல்லை. தாஜ் மகாலைப் புகையினின்றும் காக்க 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சுற்றுப்புறத்து ஆலைகள் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாறுக என்று உத்தரவிட்டது. பிரோசாபாத்தின் கண்ணாடி உலைகள் வாயுவிற்கு மாறின. ஆனால் மீத்தேன் எரியாமற் கசிந்தாலோ, 20 வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு பூமியைச் சூடேற்றும். ஆகவே குழாயும் கிணறும் கசியாதிருந்தால் மட்டுமே இந்நற்குணம் நிலைக்கும்.

இனி, உழவராகிய நமக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். வாயு வெறும் விறகன்று. அது உரத்தின் மூலப்பொருள். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்து, அதிலிருந்து யூரியா செய்கின்றனர். இம்முறையை ஜெர்மானியராகிய ஹேபர் கண்டார். போஷ் 1913-ல் ஆலையாக்கினார். 2023-24-ல் நமது தேசத்து வாயுச் செலவிற் பத்தில் மூன்று பங்கு உரத்திற்கே சென்றது. மணலி உர ஆலை 2019-லும், தூத்துக்குடி யூரியா ஆலை 2021-லும் நாப்தாவை விட்டு வாயுவுக்கு மாறின. முன்னதற்கு எண்ணூரிலிருந்தும், பின்னதற்கு இராமநாதபுரத்துக் கிணறுகளிலிருந்தும் வாயு செல்லலாயிற்று.

இங்குதான் ஒரு தர்மசங்கடம் எழுகின்றது. நெல்லுக்கு யூரியா வேண்டும். யூரியாவுக்கு வாயு வேண்டும். அவ்வாயுவிற் சிறிது நெல் விளையும் காவிரிப் படுகைக்கு அடியிலேயே கிடக்கின்றது. 2010-ல் மன்னார்குடிப் பக்கத்து நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு உரிமை அளிக்கப்பட்டது. அதனை எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டுமென அறிந்து உழவர் திகைத்தனர். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று எச்சரித்தார். அப்பணியிலேயே 2013 டிசம்பரிற் காலமானார். 2015-ல் மாநில அரசாங்கம் அத்திட்டத்திற்குத் தடை விதித்தது. 2017-ல் நெடுவாசல் மக்கள் மற்றொரு திட்டத்தை எதிர்த்து நின்றனர். 2020 பிப்ரவரியிற் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. முன்னரே நடைபெற்றுவந்த கிணறுகளை அது தொடவில்லை.

உழவரின் அச்சம் வீணானதன்று. ஹாலந்து தேசத்தில் 1959-ற் கண்டுபிடித்த கிரோனிங்கன் வயல் அரை நூற்றாண்டுக்குமேல் அந்நாட்டைச் செல்வத்தில் வைத்தது. ஆனால் வாயு குறையக் குறைய நிலம் அமுங்கி, பூமி அதிர்ந்து, வீடுகள் விரிசல் கண்டன. முடிவில் 2023 அக்டோபரில், வாயு இன்னும் மிஞ்சியிருக்கையிலேயே, உற்பத்தியை நிறுத்தினர். ஆயினும் நாமும் நேர்மையாக ஒன்றைச் சிந்திக்கவேண்டும். “எம் வயலுக்கடியில் தோண்டாதே” என்று கூற நமக்கு உரிமையுண்டு. அவ்வாறு கூறிய பின்பு அவ்வயலில் அளவின்றி யூரியாவைக் கொட்டினால், அந்த வாயு கட்டாரிலிருந்து கப்பலேறி வருகின்றதென்பதையும், மூட்டையின் மலிவு விலைக்குப் பின்னால் அரசாங்கப் பணம் நிற்கின்றதென்பதையும் மறந்தவராவோம். உரிமை பேசுவோர்க்குச் சிக்கனமும் கடமை.

ஆகவே யான் கூற விரும்புவது இதுவே: இயற்கை எரிவாயுவை விதைநெல்லைப்போற் கருதவேண்டும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குதல் பஞ்சத்தை வரவழைப்பதாகும். வேறொன்றால் ஆகாத வேலைக்கே வாயு முதலிற் செல்லுதல் வேண்டும். உரத்திற்கும், கண்ணாடி, பீங்கான் முதலிய உலைகளுக்கும், நகரத்து அடுப்புகளுக்கும் அது தகும். மின்சாரத்திற்கோ, வெயிலும் காற்றும் நமக்குத் தாராளமாயுண்டு. சூரியன் சாய்ந்தபின் தேவை மிகும் நேரங்களிலும், 2024 மே, ஜூன் மாதக் கோடையில் அரசாங்கத்தார் உத்தரவிட்டு ஓட்டியதுபோன்ற நெருக்கடிகளிலும் மட்டும் வாயு நிலையங்கள் துணைநிற்கட்டும். அவற்றையே தேசத்தின் அஸ்திவாரமாக்கினால், அஸ்திவாரத்திற் பாதி அயலான் நிலத்தில் இருப்பதாகும். 15 சதவீதம் என்னும் எண்ணைக் காட்டிலும், அந்த வாயு எங்கே செலவாகிறது என்பதே முக்கியம்.

அரசாங்கத்தார் செய்ய வேண்டியது அவ்வளவு. நாம் செய்யக்கூடியதும் உண்டு. நீர் தேங்கிய வயலில் வீசிய யூரியாவிற் பெரும்பங்கு பயிருக்குச் சேராமல் வீணாகிறது. இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் இடுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், அசோலா வளருங்கள். மாடுள்ள வீடுகளில் சாண எரிவாயுக் கலம் அமையுங்கள்; சாணத்திலிருந்து எழுவதும் அதே மீத்தேன்தான், கழிவோ நல்ல எரு. சாணத்தையும் கழிவையும் கொண்டு வாயு உண்டாக்கி விற்போரை ஊக்குவிக்க 2018-ல் மத்திய அரசாங்கத்தார் ஒரு திட்டம் தொடங்கியுள்ளனர். நம்மவரிற் பொருளுள்ளோர் நாலைந்து பேர் கூடி அதனை ஆராயலாம். ஆலை வைத்திருப்போர் வாயுவுக்கு மாறுவதாயின், இன்றைய விலையை மட்டும் பாராது, 2022-ன் விலையிலும் தொழில் நிற்குமா என்று கணக்கிட்டபின் கடன் வாங்குவார்களாக. நம் பிள்ளைகளிற் பொறியியல் பயில்வோர், நீரிலிருந்து சூரிய சக்தியால் ஹைட்ரஜன் பிரிக்கும் தொழிலைக் கற்பார்களாக. அது மலிவாகும் நாளில் அம்மோனியா செய்ய நிலத்தடி வாயுவும் வேண்டியதில்லை, அயல்நாட்டுக் கப்பலும் வேண்டியதில்லை.

பூமி கோடிக்கணக்கான வருஷங்களிற் சேர்த்து வைத்ததை நாம் ஒரு தலைமுறையிற் செலவழிக்கும் நிலையில் இருக்கிறோம். செலவழிப்பது தவறன்று, எதற்கென்று அறியாமற் செலவழிப்பதே தவறு. வீட்டில் விதைக்குதிரைத் திறப்பதற்குமுன் பெரியோர் ஒருமுறை யோசிப்பதுபோல், இவ்வாயுவைப் பற்றியும் நாம் யோசிப்போமாக.