கஷாயமும் கடிகாரமும்

நான் வேலூர் பக்கம், கணியம்பாடியிலேருந்து வர்றேன். போன மார்கழிப் பனியில என் எட்டு மாசப் பேத்திக்குச் சளி, இருமல். "கற்பூரவல்லிச் சாறே போதும்"னு மருமகளைத் தடுத்தவ நான்தான்.

மூணாம் நாள் கிராம செவிலியர் வந்தாங்க. தூங்குற குழந்தையோட சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினாங்க. 62! அந்த வயசுல 50 தொட்டாலே நிமோனியாவா இருக்கலாமாம். 1 முதல் 5 வயசு வரைக்கும் 40. மூச்சு இழுக்கையில விலாவுக்குக் கீழே குழி விழுந்தா உடனே ஆஸ்பத்திரி. ஓடினோம்; பிழைச்சா.

நிமோனியாவைத் தடுக்கிற நியூமோகாக்கல் தடுப்பூசி 2021லேருந்து நம்ம தமிழ்நாட்டு அரசு சுகாதார நிலையங்கள்ல இலவசம். தவணை தவறவிடாதீங்க.

கைவைத்தியம் வேண்டாம்னு சொல்லலை ஐயா. பாட்டி ஒரு கையில கஷாயம் எடுத்தா, இன்னொரு கையில கடிகாரமும் எடுக்கட்டும்!

(கைதட்டல்)