உயிலும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற அன்பர்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



உயிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "கோயிலில் நின்றுகொண்டு சாவுப் பேச்சா?" என்று ஓர் அம்மா என்னிடம் கடிந்துகொண்டார். அவர் கோபம் நியாயமானதுதான். நான் சட்டம் படித்தவனும் அல்லன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

2012ஆம் ஆண்டு என் அண்ணன், "நீதான் வாத்தியாராச்சே, எனக்கு ஓர் உயில் எழுதிக் கொடு" என்றார். தன் பெயரில் வங்கியில் இருந்த சேமிப்பெல்லாம் மனைவிக்கு என்பதுதான் அவர் விருப்பம். அழகாக எழுதினேன். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். இன்னொருவர், அங்கேயே காப்பி கலக்கிக்கொண்டிருந்த என் அண்ணி. கையெழுத்து வாங்கியவன் நானே.

2016இல் அண்ணன் காலமானார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் பெயருக்கு எழுதியிருந்ததால் வழக்கறிஞரைத் தேடிப் போனேன். அவர் உயிலைப் படித்துவிட்டு, "சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிங்கப்பூர்ச் சட்டப்படி, சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயில் கொடுக்கும் பொருள் செல்லாது. உயில் செல்லும், அண்ணிக்கு எழுதியது மட்டும் செல்லாது. அந்தப் பணம் உயில் எழுதாதவருடைய பணத்தைப் போலவே பிரிக்கப்படும்: மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக.

"தம்பி, உங்கண்ணன் எனக்குன்னு எழுதினது எனக்கே இல்லையா?" என்று அண்ணி கேட்டார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் உடனே தன் பங்கை அம்மாவுக்கே விட்டுக் கொடுத்தாள். வெளிநாட்டில் இருந்த மகன் யோசிக்க வேண்டும் என்றான். எட்டு மாதம் யோசித்தான். அந்த எட்டு மாதமும் நான் அண்ணி வீட்டு வாசற்படி மிதிக்கக் கூசினேன்.

அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உயில் இருந்தால், அதை நிறைவேற்றுபவர் நீதிமன்றத்தில் 'புரொபேட்' என்னும் அனுமதி பெற வேண்டும். உயில் இல்லாவிட்டால், நெருங்கிய உறவினர் நிர்வாகப் பத்திரம் கேட்டு மனுச் செய்ய வேண்டும். 21 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் குறைந்தது இருவர் நிர்வாகிகளாக இருக்க வேண்டும். இறந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்துவிடுங்கள். தாமதித்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். இறப்புச் சான்றிதழ், அசல் உயில், சொத்துகளின் பட்டியல் ஆகியவை முதலில் வேண்டியவை. இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கைப் பொதுவாக இந்த அனுமதி வந்த பிறகே திறந்துவிடுவார்கள். வாரிசு வரி பற்றிப் பயப்பட வேண்டாம். 2008 பிப்ரவரி 15 முதல் இறந்தவர்களுக்கு அது இல்லை.

எல்லாமே உயிலுக்குள் அடங்காது. கணவன் மனைவி கூட்டுரிமையாக வைத்திருந்த வீவக வீடு, இருப்பவருக்கே நேராகப் போகும். அண்ணிக்கு வீடாவது பிழைத்தது இதனால்தான். மத்திய சேம நிதிப் பணமும் உயிலில் சேராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணத்துக்கு முன்பு அம்மா பெயரை நியமித்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். திருமணம் ஆனதுமே அந்த நியமனம் ரத்தாகிவிட்டது. முன்பு எழுதிய உயிலும் பொதுவாக அப்படியே. கொள்ளி வைத்த மூத்த மகனுக்குக் கூடுதல் பங்கு என்பது நம் மனத்தில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை. மகளுக்கும் சம பங்குதான்.

வழக்கறிஞரிடம் போகும்போது கூச்சப்படாமல் மொத்தக் கட்டணம் எவ்வளவு, நீதிமன்றச் செலவு அதில் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேரிடம் விசாரிப்பதில் தவறில்லை. (புடவைக்கு நாலு கடை ஏறுகிறோம்!) வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் லீகல் எய்ட் பீரோவை நாடலாம், வருமானம், சொத்து பார்த்து உதவுவார்கள். சமூக மன்றங்கள் சிலவற்றில் மாலை நேரத்தில் வழக்கறிஞர்கள் இலவச ஆலோசனை தருகிறார்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும்.

உயிலில் ஆலயத்துக்கும் ஏதாவது எழுத நினைப்பவர்கள், வெறுமனே "அம்மன் கோயிலுக்கு" என்று எழுதாதீர்கள். எந்த அம்மன் என்று நீதிமன்றம் கேட்கும். அறநிறுவனத்தின் பதிவுபெற்ற பெயரை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் என் அண்ணன் மகனும் கையெழுத்திட்டு அனுப்பினான். பத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். வாங்கிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். போன ஆண்டு அண்ணி தம் உயிலை எழுதினார். எழுதியவர் ஒரு வழக்கறிஞர். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.