யாருடைய பாட்டு இது?



கண்டிக்கு அருகே பிலிமத்தலாவைப் பக்கம் கொழும்பு வீதியால் போகிறவர்களுக்குப் பித்தளைக் கடைகள் கண்ணில் படாமல் இராது. பழைய பித்தளையை உருக்கிப் புது விளக்கு வார்க்கத் தெரிந்த கைவினைஞர்கள் வாழும் பகுதி அது. உலோகம் பழையது, வார்ப்புப் புதியது. ஒருவர் பாடிய பாட்டை இன்னொரு இசைக்குழு எடுத்துத் தன் கிற்றாருக்கும் தன் குரலுக்கும் ஏற்றபடி மறுபடி பாடுவதும் இதே வேலைதான். கவர் பாட்டு என்கிறார்கள்.

அப்படிப்பட்ட பாட்டுகளை மட்டுமே திரட்டி, 1998 நவம்பரில் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ரொக் குழு இரண்டு இறுவட்டுகளாக வெளியிட்டது. ‘கராஜ் இன்க்’ என்பது தொகுப்பின் பெயர். மொத்தம் 27 பாட்டுகள். முதல் தட்டில் உள்ள பதினொன்றில் பத்து அந்த ஆண்டிலேயே புதிதாகப் பாடிப் பதிந்தவை. இரண்டாவதில் 16. 1984 முதல் 1995 வரை பதிந்து, சிறு தட்டுகளிலும் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளின் மறுபக்கங்களிலும் சிதறிக் கிடந்தவை அவை.

எனக்கு அந்த இரண்டாவது தட்டுத்தான் பெரிது. 1986 செப்டெம்பரில் சுவீடனில் பஸ் கவிழ்ந்து, குழுவின் பேஸ் கிற்றார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயது 24. அவரிடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். புதியவரோடு சேர்ந்து அவர்கள் 1987இல் முதலில் வெளியிட்டது சொந்தப் பாட்டு அல்ல. தாங்கள் நேசித்த மற்றவர்களின் பாட்டுகள் கொண்ட ஒரு சிறு தட்டு. கராஜுக்குள் பழகி, சில நாட்களிலேயே ஒலிப்பதிவை முடித்தார்கள். பிசகிய சுருதியைக்கூடத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். துக்கத்தில் இருந்த நான்கு பேர் மறுபடி வாசிக்கத் தொடங்கியதை அதில் கேட்கலாம். பின்னாளில் அந்தச் சிறு தட்டு கடைகளில் கிடைக்காமல் போயிற்று. இந்தத் தொகுப்பின் இரண்டாவது தட்டுத்தான் அதை எல்லோர் கைக்கும் திருப்பிக் கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது தட்டில் மூன்று பாட்டுகள் ‘டயமண்ட் ஹெட்’ என்ற ஆங்கிலேயக் குழுவுடையவை. மெட்டாலிக்காவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச், 1981இல் பதின்வயதுப் பையனாக அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் அவர்கள் பின்னாலேயே திரிந்தவர். சொந்த நாட்டில் பெரிய உயரத்தைத் தொடாத அந்தக் குழுவின் பெயர், மெட்டாலிக்கா பாடியதால் உலகமெங்கும் போயிற்று. பாட்டை எழுதியவர்களுக்கு அதற்குரிய பணமும் போயிற்று. யாருடைய பாட்டு என்பதை மறைக்காமல் பாடினால் இவ்வளவும் நடக்கும்.

வானொலிக்கும் இத்தொகுப்பில் ஓர் இடம் உண்டு. ‘டியூஸ்டேஸ் கோன்’ என்ற பாட்டு 1997 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஒரு வானொலி நிலையத்துக்காக நேரடியாக வாசிக்கப்பட்டது. 1973இல் அதை முதலில் வெளியிட்ட குழுவின் கிற்றார் கலைஞர் கேரி ரொசிங்டனும் உடனிருந்து வாசித்தார். தொகுப்பில் நான் அடிக்கடி கேட்பது அதைத்தான்.

இனி நம்முடைய கதைக்கு வருவோம். ‘சுராங்கனி’ தெரியாத தமிழர் உண்டா? அதைப் பாடிப் பரப்பியவர் நம் நாட்டின் ஏ. ஈ. மனோகரன். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் அது மறுபடி ஒலித்தது. அதன் பிறகு கடல் கடந்து எத்தனையோ மேடைகளில், எத்தனையோ குரல்களில் அதைப் பாடிவிட்டார்கள். 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். மெட்டு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அவர் பெயர் அந்த அளவுக்கு இல்லை. ‘சின்ன மாமியே’ தந்த நித்தி கனகரத்தினத்தின் பெயரையும் இன்றைய பிள்ளைகளிடம் சொல்லித்தான் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது.

நம் பொப்பிசைக்கு இப்படியொரு தொகுப்பு வேண்டும். கலியாண வீடுகளிலும் கார்னிவல் மேடைகளிலும் வாசித்த குழுக்களின் பதிவுகள், ஒருமுறை ஒலிபரப்பாகி மறைந்த பாட்டுகள் எல்லாம் அதில் சேர வேண்டும். ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர், மறுபடி பாடியவர் என நான்கு பெயர்களும் இருக்க வேண்டும்.

கண்டியின் ஈரக்காற்றில் கெசட் நாடாக்களில் பூஞ்சணம் சீக்கிரம் பிடித்துவிடும். ஆகவே நேயர்களே, உங்கள் அலுமாரிகளில் பழைய இசைத்தட்டோ கெசட்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் சுத்தம் செய்யாமல் கருவியில் போடவும் வேண்டாம். யார் பாடியது, எந்த ஆண்டு என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் ஒரு பிரதி சேரச் செய்யுங்கள். அந்தக் குழுக்களில் வாசித்தவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். இந்த வாரமே போய் அவரைக் கேளுங்கள்.