நன்றித் தீர்மானத்தில் நாடு பேசுகிறது

ஆண்டுதோறும் ஜனவரி முடியும் தறுவாயில் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்துக்கு வருகிறார். இரு அவை உறுப்பினர்களும் ஒன்றாகக் கூடியிருக்க, உரை நிகழ்த்துகிறார். செய்தியில் அந்த ஊர்வலத்தைக் காட்டுவார்கள். உரையிலிருந்து நாலு வரி வாசிப்பார்கள். அதற்குள் பட்ஜெட் வந்துவிடும், பேச்செல்லாம் வருமான வரிப் பக்கம் போய்விடும். அந்த உரையை வைத்து இரு அவைகளிலும் சில நாட்கள் ஒரு விவாதம் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இந்த உரைக்கு இடம் தருவது நம் அரசியல் சட்டத்தின் 87ஆவது பிரிவு. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் உரை உண்டு என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். 1951இல் வந்த முதல் திருத்தம் அதைக் குறைத்தது. பொதுத்தேர்தல் முடிந்து மக்களவை முதன்முதலாகக் கூடும்போது ஒரு முறை, பிறகு ஆண்டின் முதல் கூட்டத்தொடரில் ஒரு முறை என்று ஆயிற்று.

உரையைப் படிப்பவர் குடியரசுத் தலைவர். எழுதித் தருவது அமைச்சரவை. 'எனது அரசு இதைச் செய்தது, இதைச் செய்யப்போகிறது' என்று அவர் வாசிக்கும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு பிரதமரும் அவருடைய அமைச்சர்களும்தான். அதனால்தான் விவாதத்தில் குடியரசுத் தலைவரின் பெயரை இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அவர் மேல் குறை சொல்ல வழியில்லை. அரசின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். சட்டமன்றங்களில் ஆளுநர் உரைக்கும் 176ஆவது பிரிவின்கீழ் இதே முறைதான். 1969இல் மேற்கு வங்கத்தில் ஆளுநர் தர்ம வீரா சில பத்திகளை விட்டுவிட்டுப் படித்தார். 2023 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஆளுநர் ஆர்.என். ரவி சில பகுதிகளைத் தவிர்த்தார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக் குறிப்பில் ஏற வேண்டும் என்று பேரவை அங்கேயே தீர்மானம் போட்டது. உரை அரசுடையது என்பதை விட்டுக்கொடுத்தால், அரசைக் கேள்வி கேட்பதற்கான வாசலும் அடைபட்டுவிடும். பேரவை செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

உரை முடிந்த பிறகு ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பெயரில்தான் நன்றி. அதற்குமேல் நடப்பதெல்லாம் அரசின் ஓராண்டுக் கணக்கைக் கட்சிகள் புரட்டிப் பார்ப்பதுதான். ஒரு மசோதா மீது பேசினால் அந்த மசோதாவைத் தாண்டக் கூடாது. கேள்வி நேரத்தில் கேட்ட கேள்வியைத் தாண்டக் கூடாது. இந்த விவாதத்தில் மட்டும் மத்திய அரசின் பொறுப்பில் இருக்கும் எதையும் பேசலாம். மீனவர் கைது பற்றி ராமநாதபுரத்து உறுப்பினர் பேசி அமர்ந்ததும், ஆப்பிள் விலை பற்றிக் காஷ்மீர் உறுப்பினர் எழலாம். உரையில் ஒரு விஷயம் சொல்லப்பட்டிருந்தால் அது போதாது என்று சொல்லலாம். சொல்லப்படாமல் போயிருந்தால், ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். எனக்கு இந்த இரண்டாவது உரிமைதான் பெரிதாகப் படுகிறது.

அந்த உரிமைக்கு ஒரு வடிவமும் உண்டு. தீர்மானத்தின் முடிவில், இன்னது உரையில் குறிப்பிடப்படவில்லை என்பதற்கு வருந்துகிறோம் என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லி உறுப்பினர்கள் திருத்தம் கொடுப்பார்கள். அநேகமாக எல்லாத் திருத்தங்களும் தோற்றுவிடும். சில சமயம் ஒன்று ஜெயிக்கும். மாநிலங்களவையில் 1980, 1989, 2001, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் அப்படி நடந்திருக்கிறது. இந்திரா காந்தி, வி.பி. சிங், வாஜ்பாய், மோடி என்று வெவ்வேறு கட்சிப் பிரதமர்களின் காலத்தில் நடந்தது இது. 2015 மார்ச்சில் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி கறுப்புப் பணத்தையும் ஊழலையும் பற்றிக் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 118 பேர், எதிராக 57 பேர். அவர் கட்சிக்கு அவையில் இருந்தது சொற்ப இடம். அன்று மற்ற எதிர்க்கட்சிகள் அவருக்குப் பின்னால் நின்றன.

மாநிலங்களவையில் தோற்றால் அரசுக்குச் சங்கடம், அவ்வளவே. மக்களவையில் தோற்றால் அரசே போக வேண்டும். நாம் இந்த முறையை எடுத்துக்கொண்ட பிரிட்டனில் அது நடந்திருக்கிறது. 1923 டிசம்பர் தேர்தலில் ஸ்டான்லி பால்ட்வினின் கன்சர்வேட்டிவ் கட்சி முதலிடம் பெற்றது, ஆனால் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1924 ஜனவரியில் மன்னர் உரை மீதான விவாதத்தில் தொழிற்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. லிபரல்கள் அதை ஆதரித்தார்கள். ஜனவரி 21 இரவு பால்ட்வின் தோற்றார். மறுநாள் ராம்சே மக்டொனால்ட் பிரதமரானார். அந்த நாட்டின் முதல் தொழிற்கட்சி அரசு ஒரு தொடக்க உரை விவாதத்திலிருந்துதான் பிறந்தது.

நேயர்களே, இந்த விவாதத்தோடு தமிழ்நாட்டுக்கு நேரடியான ஒரு தொடர்பு உண்டு. 1962 பொதுத்தேர்தலில் அறிஞர் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அவருடைய கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்களை வென்றிருந்தது. தலைவரோ வெளியே நின்றார். அவரை மாநிலங்களவைக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய கன்னிப்பேச்சு 1962 மே 1 அன்று நிகழ்ந்தது. எந்த விவாதத்தில் என்று நினைக்கிறீர்கள்? குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதுதான்.

அன்று அவர் பேசியது சாலை வசதி பற்றியோ நெல் கொள்முதல் பற்றியோ இல்லை. திராவிடர்களுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும், பிரிந்து செல்ல வேண்டும் என்று நாட்டின் தலைநகரத்தில், நாடாளுமன்றத்துக்குள் எழுந்து நின்று கேட்டார். தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்றார். அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தாம் பகைவர் இல்லை என்றும் சொன்னார். நேரு பிரதமராக இருந்த காலம். ஆளும் கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை. தேசப் பிரிவினையின் காயம் ஆறி முடியாத பதினைந்தாம் ஆண்டு. அந்த அவையில் பெரும்பாலோருக்கு அவருடைய கோரிக்கை ஏற்கவே முடியாத ஒன்று. குறுக்கிட்டார்கள், மறுத்தார்கள். என்றாலும் அவர் தம் வாதத்தை வைக்க முடிந்தது. அந்த ஆங்கிலப் பேச்சு முழுவதும் அவைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு. அண்ணா நாட்டின் பக்கம் நின்றார். 1963இல் 16ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் அண்ணா முதலமைச்சரானார். அந்தக் கோரிக்கை சரியா தவறா என்று நான் இங்கே வழக்காடவில்லை. நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு நாடு தன் அவையிலேயே பேச இடம் கொடுத்தது. கேட்டவரும் அந்த அவையின் முறைக்குள் நின்று பேசினார். இரு தரப்பும் காட்டிய அந்தக் கண்ணியத்தை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அந்தக் கண்ணியம் இன்று இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. 2004 ஜூனில் மன்மோகன் சிங் பிரதமராகி வந்த முதல் கூட்டத்தொடரில், எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே மக்களவை நன்றித் தீர்மானத்தை விவாதமில்லாமலேயே நிறைவேற்றியது. புதிய பிரதமரால் பேச முடியவில்லை. இருபது ஆண்டு கழித்து, 2024இல் 18ஆவது மக்களவை. பத்தாண்டு காலியாக இருந்த எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் ராகுல் காந்தி அமர்ந்திருந்தார். ஜூலை 1ஆம் தேதி இதே விவாதத்தில் அவர் பேசும்போது ஆளும் தரப்பிலிருந்து பிரதமரே எழுந்து குறுக்கிட்டார். ராகுல் காந்தி பேச்சின் சில பகுதிகள் பிறகு அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. மறுநாள் பிரதமர் நரேந்திர மோடி இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிலுரை ஆற்றினார். அந்த நேரம் நெடுக எதிர்க்கட்சிகள் மணிப்பூருக்கு நீதி கேட்டு முழக்கமிட்டன. அதில் எந்தக் கட்சிக்குக் கோபப்பட நியாயம் இருந்தது என்பதில் நேயர்களுக்கு வெவ்வேறு கருத்து இருக்கும். எனக்கு வேறு ஒரு கவலை.

அமளியால் பெரிய கட்சிக்கு அதிகம் கெட்டுப்போவதில்லை. அதன் தலைவர் வாசலில் நின்று பேசினாலும் பத்து ஒலிவாங்கிகள் நீளும். ஒரே ஓர் உறுப்பினரை வைத்திருக்கும் கட்சியின் நிலை வேறு. விவாத நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பத்தான் பங்கிடுகிறார்கள். பெரிய கட்சிக்கு மணிக்கணக்கு, சின்னக் கட்சிக்கு நிமிடக்கணக்கு. முதல்முறையாக வந்திருக்கும் ஓர் உறுப்பினர், தன் தொகுதியில் மூடிக்கிடக்கும் ஆலையைப் பற்றிச் சொல்ல அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருக்கிறார். அவை ஒத்திவைக்கப்பட்டால் முதலில் வெட்டுப்படுவது அவருடைய நேரம். அவரை அனுப்பிய லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த ஆண்டில் வேறு வாய்ப்பு வாராமலே போகலாம். அன்றைக்கு அண்ணாவின் கட்சியும் மாநிலங்களவையில் சிறு கட்சிதான். 1962 மே மாதம் முதல் நாளில் அவை அமளியில் முடங்கியிருந்தால், தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை எதை நினைத்துக்கொண்டிருந்தது என்பது டெல்லிக்கு அவர் வாயால் போய்ச் சேர்ந்திருக்காது.

இன்று இரு அவை நடவடிக்கைகளும் சன்சத் தொலைக்காட்சியில் நேரடியாக வருகின்றன. அடுத்த முறை குடியரசுத் தலைவர் உரை முடிந்து விவாதம் தொடங்கும்போது, தலைவர்கள் பேசும் மணியை மட்டும் பார்க்காதீர்கள். பொழுது சாய்ந்து, இருக்கைகள் பாதிக்குமேல் காலியான பிறகும் அவை நடந்துகொண்டிருக்கும். சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் அப்போதுதான் பேசுவார்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் எழுந்தாரா, எதைக் கேட்டார் என்று பாருங்கள். எழவில்லை என்றால், அவர் ஊருக்கு வரும்போது ஏன் என்று கேளுங்கள்.